கடைசி ரேஸைப் பாக்கி வைத்துவிட்டுப் போன மச்சானுக்கு

மரியாதைக்கு உரிய, பாசத்துக்கு உரிய, இரண்டையும்விட அதிகமாக என் வயிற்றெரிச்சலுக்கு உரிய சுப்பிரமணி மச்சானுக்கு,

கிணத்துக்கடவிலிருந்து உங்கள் சம்சாரத்தின் தம்பி ராசு எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம். அங்கே நீங்கள் சுகமா என்று கேட்க மாட்டேன். சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போனவரிடம் குசலம் விசாரிக்கிற அளவுக்கு எனக்குப் பெரிய மனசு கிடையாது.

முதலில் ஒரு சத்தியம் பண்ணிக்கொள்கிறேன். என் தோப்பில் நிற்கிற தென்னை மரம் அத்தனையும் சாட்சி, சூலூர் ஆகாயத்தில் உறுமிக்கொண்டு சுற்றுகிற விமானம் அத்தனையும் சாட்சி. இப்போது நான் சொல்லப்போகிற கதையை இந்தக் கொங்கு நாட்டில் ஒருத்தர்கூட நம்பப்போவதில்லை. மேட்டுப்பாளையத்தில் தொடங்கி வீடு வீடாக ஏறிச் சொன்னாலும், 'வாங்க, உக்காருங்க, காப்பி குடிங்க' என்று சகல மரியாதையும் செய்வார்கள், நம்பமாட்டார்கள். நீங்களும் நம்பமாட்டீர்கள். என் பேச்சை நீங்கள் என்றைக்கு நம்பினீர்கள்?

இந்தக் கடிதத்தை உங்களோடு சேர்ந்து ஊராரும் படிக்கப்போகிறார்கள். ஆகவே உங்களுக்குத் தெரிந்த சங்கதியையும் கொஞ்சம் சொல்லவேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களை நான் பொறுத்துக்கொண்டதில் கால்வாசி பொறுத்தால் போதும்.

சூலூரில் தறிக்குடோன் நடத்தியவர் நீங்கள். முழங்கால் ஆபரேஷன் முடிந்து, நடக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியனுப்பிய மறுநாளே, தறி ஓடுகிற சத்தத்தில் ஏதோ குறைகிறது என்று நொண்டிக்கொண்டு கிளம்பியவர். உங்களைக் கட்டிலோடு கட்டிப்போட மகள் திவ்யாதான் ஒரு வழி கண்டுபிடித்தாள். சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிற பிள்ளை அல்லவா? கையில் பிடித்து ஆடுகிற கேம் பொட்டி ஒன்றை வாங்கிவந்து உங்கள் மடியில் வைத்தாள். இரண்டு பக்கமும் பட்டன், நடுவில் ஸ்கிரீன், உள்ளே ஒரே ஒரு கார் ரேஸ் கேம். தறியை மறந்தீர்கள். கால் வலியை மறந்தீர்கள். சரசு அக்கா போட்டுவைத்த சோற்றையும் மறந்தீர்கள்.

நான் இளநீர்க் குலையோடு உங்களைப் பார்க்க வந்தேன். உடம்பு விசாரிக்க வந்தவனை எப்படி வரவேற்றீர்கள்?

"வாங்க மாப்ள. இளநி வெட்டுற கைக்கு இதெல்லாம் வருங்களா?"

"தேங்கா லோடு ஏத்திட்டு வால்பாறை மலைல டெம்போ ஓட்டுனவனுங்க மச்சான் நானு. இந்தப் பொம்மைக் காருங்களா பெருசு?"

"ஓட்டிக் காட்டுங்க, பாப்பம்."

ஓட்டிக் காட்டினேன். முதல் வளைவிலேயே என் கார் பாலத்தைப் பிய்த்துக்கொண்டு கடலில் விழுந்தது. தெறித்த தண்ணீர் ஸ்கிரீனைத் தாண்டி வந்து உங்கள் வேட்டியை நனைத்தது. அடுத்த வளைவில் காரோடு சேர்ந்து நானும் சாய்ந்த சாய்ப்பில், உங்கள் கட்டில் நகர்ந்து நகர்ந்து சமையலறைக்குள் போய்விட்டது. அங்கிருந்தபடியே சிரித்தீர்களே ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவில்லை. இப்போதும் மன்னிக்கவில்லை.

அன்றைக்குத்தான் அந்தக் கேடுகெட்ட பந்தயம். அந்தக் கேமில் எட்டுக் கோப்பைகள், ஒவ்வொன்றுக்கும் சில ரேஸ்கள். அவரவர் பேரில் அவரவர் ஆட்டம். எட்டையும் முதலில் ஜெயித்து முடிக்கிறவர் வென்றவர். தோற்றவர் மீசையை எடுக்கவேண்டும்.

என் மீசை எப்பேர்ப்பட்ட மீசை என்று ஊருக்குத் தெரியும். பொள்ளாச்சிச் சந்தையில் காங்கேயம் காளைகள் அதைப் பார்த்துத் தலைகுனிந்து வழிவிட்டிருக்கின்றன. உங்களுடையதோ ரசத்தில் நனைவதற்கென்றே வளர்ந்தது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பந்தயம் கட்டச் சம்மதித்தேனே, அதுவே நான் உங்களுக்குச் செய்த பெரிய மரியாதை.

"மீசைய வெச்சு வெளையாடற வயசாடா இது? அந்த மனுசனுக்குத்தான் காலு ஆகல. உனக்கு மண்டையும் ஆகலையா?" என்று அக்கா கேட்டாள். கரண்டியை எனக்கு நேராக மட்டும் நீட்டிக் கேட்டாள். உங்கள் பக்கம் நீட்டவில்லை. அந்த வீட்டில் நியாயம் என்றைக்கும் அப்படித்தான்.

அதற்கப்புறம் நான் வருகிற ஒவ்வொரு ஞாயிறும் போர்க்களம். நீங்கள் கோப்பைமேல் கோப்பையாக அள்ளினீர்கள். நான் இரண்டாவது கோப்பையிலேயே கிடந்து உருண்டேன். காரணம் எனக்கு விளங்கவே இல்லை. லைசென்ஸ் வாங்கின நாள் முதலாக ரோட்டுக்கு மரியாதை கொடுத்து, இடது ஓரம் பிடித்து ஓட்டுகிறவன் நான். கேமிலும் அப்படியே ஓட்டினேன். ஆனால் எதிரே வந்த லாரியும் பஸ்ஸும் ஒன்று தவறாமல் என் நெற்றிப்பொட்டுக்கு நேராக வந்தன.

"வெளிநாட்டுக்காரனுக்கு ரோட்டு மருவாதையே இல்லீங்க மச்சான். எல்லாவனும் ராங் சைடுல வர்றான்."

நீங்கள் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்குவீர்கள். அப்புறம் கண்ணைத் துடைத்துவிட்டுச் சொல்வீர்கள். "நீங்க ஓட்டறதுதான் சரிங்க மாப்ள. அப்படியே ஓட்டுங்க."

ஒவ்வொரு வாரமும் இதே வார்த்தை. எத்தனை லாரியில் நான் நசுங்கியிருப்பேன். ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்ல உங்கள் வாய் வலித்ததா?

பிறகு, முழங்கால் தேறி, ஒரு நாள் காலையில் காப்பி குடித்துவிட்டு தறிக்குடோனுக்கு நடந்தே போனீர்கள். மத்தியானச் சோற்றுக்கு உங்களைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நெஞ்சு என்றார்கள். முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தோம் நாங்கள் எல்லாம். நீங்கள் நெஞ்சு வழியாகப் போனீர்கள். ஏமாற்று வேலையில் உங்களை மிஞ்ச ஆள் இல்லை.

எட்டாவது கோப்பையில் கடைசி ரேஸ் ஒன்று மட்டும் பாக்கி. அது முடிந்திருந்தால் பந்தயம் உங்களுக்கு. முடிக்காமல் போவது என்ன பழக்கம் மச்சான்? திவ்யாவிடம் கேட்டேன்.

"அந்த ரேஸுக்கு வந்து ரொம்ப நாளாச்சுங்க மாமா. அப்பா அதை மட்டும் ஆடவே இல்ல. பழைய கோப்பையவே திருப்பித் திருப்பி ஆடிட்டு இருந்தாரு. கேட்டா, 'உங்க மாமன் இன்னும் ரெண்டாவதுலதான கெடக்கறான்' அப்படீம்பாரு."

சோம்பேறித்தனம். வேறென்ன சொல்ல? உங்கள் மனசில் வேறு ஏதாவது இருந்ததா?

உங்கள் காரியத்தன்று நடந்ததையும் கேளுங்கள். உங்களுக்கு மகன் இல்லை. ஆகவே உங்கள் பங்காளி பெரியண்ணன் கொள்ளி வைத்தார். தறிக்குடோன் சுவர் தன் இடத்துக்குள் ஒரு சாண் வந்துவிட்டது என்று உங்களைக் கோர்ட்டுப் படி ஏற வைத்த அதே பெரியண்ணன். கருமாதியில் அவர் மொட்டை அடித்து மீசை எடுத்து, நடுப்பாயில் உட்கார்ந்து, வந்தவர்கள் எல்லோரும் அவரிடம் துக்கம் விசாரிக்க, அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என்ன நடிப்பு. தறி நூலெல்லாம் நனைந்துவிடும்போல் இருந்தது.

எனக்கு என்ன வேலை? பொறந்த வீட்டிலிருந்து அக்காவுக்குக் கோடிச் சேலை கொண்டுவந்து கொடுக்கவேண்டும். கொடுத்தேன். அவ்வளவுதான் முறை. சவரக்காரர் பங்காளிகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டபோது என் கால் தானாக ஓர் அடி முன்னே போய்விட்டது. பெரியண்ணன் பார்த்துவிட்டார்.

"ஏனுங்க மாப்ள, நீங்க எதுக்குங்க? நீங்க பங்காளி இல்லீங்களே. மச்சினனுக்கு மொட்டையும் கெடையாது, தீட்டும் கெடையாது. அக்கட்ட போயி நெழல்ல உக்காருங்க. பந்தி போட்டதும் கூப்பிடறோம்."

எத்தனை மரியாதை பாருங்கள். ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு 'ங்க'. உங்களோடு வழக்காடியவருக்கு உங்களுக்காக மீசை எடுக்க உரிமை உண்டு. எனக்கு நிழல் உண்டு, சாப்பாடு உண்டு. முறுக்கிய மீசையோடு பந்தியில் உட்கார்ந்து, பரிமாறினதையெல்லாம் தின்றேன். உங்கள்மேல் இருந்த ஆத்திரத்தில் தின்றேன். நான் தின்ற வேகத்தில் சமையல்காரர் இன்னோர் அண்டா உலை வைத்தார்.

கிளம்பும்போது அக்கா அந்தக் கேம் பொட்டியை என் கையில் திணித்தாள்.

"இத எடுத்துட்டுப் போ. ஊட்ல இருந்தா நான் சும்மா சும்மா சார்ஜு போட்டு வெக்கறேன். யாரு ஆடப்போறா? உங்க பந்தயத்த முடி. ஜெயிச்சியோ தோத்தியோ, வந்து எங்கிட்டச் சொல்லு. அதுவரைக்கும் அந்தக் கட்டில மடக்க மாட்டேன்."

"அந்த மனுசன்தான் இல்லியேக்கா, பந்தயம் என்ன பந்தயம்?"

"அந்தாளு இல்லீன்னா பந்தயம் இல்லீன்னு ஆயிருமா? அவரு முடிக்காமப் போனது ஒண்ணே ஒண்ணு. நீயாவது முடி."

போர் மறுபடி தொடங்கியது. வேலைக்காரர்கள் தேங்காய் உரித்துக்கொண்டிருக்க, நான் குவியல்மேல் உட்கார்ந்து பனிமலையில் ஓட்டினேன். நான் ஓட்டிய பனியில் கிணத்துக்கடவே குளிர்ந்து, தோப்பில் தென்னைக்குப் பதிலாக ஆப்பிள் காய்த்தது. பாலைவனக் கோப்பையில் பறந்த மண் கண்ணில் விழுந்து டாக்டரிடம் போனேன். 'எந்த ஊரு மண்ணுங்க இது' என்று அவரே அசந்துபோனார்.

ஒரு மஞ்சள் கார் மட்டும் என் உயிரை எடுத்தது. அதை எவ்வளவு தூரம் பின்னால் தள்ளினாலும், கடைசி வளைவில் கண்ணாடியில் பார்த்தால் பக்கத்தில் நிற்கும். ஓர் இஞ்ச் இடம் விடாது. எல்லைச் சண்டைக்கென்றே பிறந்த கார். அதற்குப் பெரியண்ணன் என்று பேர் வைத்தேன்.

ஆனாலும் இரண்டாவது கோப்பையைத் தாண்டமுடியவில்லை. திவ்யா ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தவள், நான் ஆடுவதை எட்டிப் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினாள்.

"ஏனுங்க மாமா, ராங் சைடுல போறீங்க?"

"லெஃப்ட்லதான் கண்ணு போறேன். வர்றவனுகதான் ராங்கு."

"ஐயோ மாமா. இது வெளிநாட்டு ரோடுங்க. அங்கெல்லாம் ரைட்டுலதான் போகோணும்."

எனக்குக் காது அடைத்தது. தோப்பில் இருந்த அணில் எல்லாம் ஓடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தன. "உங்கப்பனுக்கு இது தெரியுமா அம்மணி?"

"தெரியாமையா?"

நல்லவேளை உங்கள் போட்டோ சூலூரில் மாட்டியிருக்கிறது. என் வீட்டில் இருந்திருந்தால் அன்றைக்குச் சுவரைப் பார்த்துத் திருப்பியிருப்பேன். தெரிந்திருக்கிறது. தெரிந்தும் என்னை லாரிக்கு முன்னால் விட்டுவிட்டு, 'அப்படியே ஓட்டுங்க மாப்ள' என்று சொல்லியிருக்கிறீர்கள். இதெல்லாம் மனுசன் பண்ணுகிற காரியமா? கூடப்பொறந்தவளைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்கு ஒரு நியாயம் வேண்டாமா?

அன்றுமுதல் வலது ஓரம் பிடித்தேன். கோப்பைகள் வரத் தொடங்கின. மூன்று, நான்கு, ஐந்து. தேங்காய் வியாபாரிகள் விலை பேச வந்துவிட்டு, நான் வளைவு திரும்பி முடிக்கிற வரைக்கும் கைகட்டி நின்றார்கள். ஒருவழியாக எட்டாவது கோப்பையின் கடைசி ரேஸுக்கு வந்து சேர்ந்தேன். நீங்கள் நின்றுபோன அதே இடம்.

அங்கே மாட்டிக்கொண்டேன். கடற்கரை ஓரமாகப் போகிற நீண்ட ரோடு. சட்டப்படி வலது ஓரத்திலேயே ஓட்டினேன். ஒரு கீறல் விழவில்லை. ஒவ்வொரு முறையும் பெரியண்ணன் என்னைத் தாண்டிப் போய் ஜெயித்தார். வாரக்கணக்கில் ஜெயித்தார். உங்களுக்காக மீசையும் எடுத்துக்கொண்டு, பந்தயத்தையும் அவரே எடுத்துக்கொள்ளப்போகிறாரா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

திவ்யா பக்கத்தில் இருந்த ஒரு நாள், ஆத்திரத்தில் என் கை தானாக இடது பக்கம் ஒடித்துவிட்டது. பழைய பழக்கம். எதிரே பஸ். அதை ஒரு மயிரிழையில் தாண்டினேன். லாரி. அதையும் தாண்டினேன். முன்பெல்லாம் முதல் லாரியிலேயே நசுங்கிவிடுவேன். இப்போது ஏழு கோப்பைகள் ஜெயித்துப் பழகின கை. ஸ்கிரீன் ஓரத்தில் ஒரு நீலக் கோடு கிடுகிடுவென்று மேலே ஏறியது.

"நைட்ரோ ஏறுது மாமா, காரப் பறக்க வெக்கற சக்தி. எதுக்க வர்ற வண்டிய ஒரசற மாதிரி போனாத்தான் இத்தன ஏறும். அப்பாவும் இப்படியேதான் ஓட்டுவாரு."

"இப்படின்னா?"

"ராங் சைடுலதானுங்க. எட்டாவது கோப்பைய வேற எப்படியும் ஜெயிக்க முடியாதுங்க மாமா."

நைட்ரோவை அழுத்தினேன். கார் ரோட்டை விட்டு எழுந்து, பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழைந்து, கேரளாக்காரர்கள் அண்ணாந்து பார்க்க, மறுபடி ரோட்டில் இறங்கியது. பெரியண்ணன் பின்னால் எங்கோ ஒரு மஞ்சள் புள்ளியாகப் போனார். கோட்டைத் தாண்டினேன். முதலிடம். எட்டாவது கோப்பை. திவ்யா என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

'நீங்க ஓட்டறதுதான் சரிங்க மாப்ள.' கேலிக்குச் சொன்னீர்களா, இல்லை, நெசமாகவே வழி சொல்லிக் கொடுத்தீர்களா? இரண்டும் கலந்தா? உங்களைத்தான் கேட்கிறேன். ஒரு பதிலும் வரப்போவதில்லை என்று தெரிந்தே கேட்கிறேன். இதற்குத்தான் உங்கள்மேல் எனக்கு இத்தனை கோபம்.

ஆக, நீங்கள் தோற்றீர்கள். விதிப்படி உங்கள் மீசைதான் இறங்கவேண்டும். அதுவோ சூலூர்ச் சுடுகாட்டில் உங்களோடு போய்விட்டது. தோற்ற ஆளும் இல்லை, தோற்ற மீசையும் இல்லை. ஜெயித்தவன் நான் மட்டும் மீசையை முறுக்கிக்கொண்டு போய் அக்காவிடம் என்ன சொல்வது? 'உன் புருசன் தோத்துட்டாரு, கட்டில மடக்கு' என்றா?

மறுநாள் திவ்யாவையும் கூட்டிக்கொண்டு சூலூருக்குக் கிளம்பினேன். போகிற வழியில் பொள்ளாச்சி ரோட்டோரத்தில் ஒரு சலூன். வண்டியை நிறுத்தினேன். எனக்கு முன்பின் தெரியாத ஆள். துண்டைப் போர்த்திவிட்டு என் மீசையை ரசித்துப் பார்த்தார்.

"ஓரம் மட்டும் கத்திரிச்சு விடட்டுங்களா?"

"முழுசா வழிச்சுடுங்க."

கத்தியை எடுத்தவர் நிறுத்தினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஏனுங்க, பங்காளி யாராச்சும் தவறிட்டாங்களா?"

கண்ணாடியில் திவ்யா என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் அவளைப் பார்க்கவில்லை.

"அதெல்லாம் இல்லீங்க. மச்சானோட ஒரு பந்தயம். தோத்துப்போட்டேன்."

"ரொம்பக் குசும்புக்கார மச்சானாட்ட இருக்குதுங்க" என்று சிரித்துக்கொண்டே வழித்தார். ஆமாம் என்றேன்.

சூலூர் போய்ச் சேர்ந்தோம். அக்கா கதவைத் திறந்தவள், யாரோ விலாசம் கேட்டு வந்த ஆள் என்று நினைத்து, "யாருங்க?" என்றாள். அப்புறம் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"தோத்துட்டியா?"

"தோத்துட்டேன்க்கா."

அக்கா மகளைப் பார்த்தாள். திவ்யா தரையைப் பார்த்தாள். உங்கள் மகள் பொய் சொல்லமாட்டாள், வாயை மூடிக்கொள்வாள். அந்தப் பிள்ளையிடம் உங்கள் சாயல் அது ஒன்றுதான். அக்கா கிட்டே வந்து, முந்தானையால் என் மேலுதட்டை அழுத்தித் துடைத்தாள். அங்கே துடைக்க ஒன்றும் இல்லை.

"மூக்குக்குக் கீழ இத்தன எடம் இருக்குதாடா உனக்கு" என்றாள். சிரிக்க ஆரம்பித்தவள், கதவைப் பிடித்துக்கொண்டுதான் நிறுத்தினாள். உள்ளே போய்க் கட்டிலை மடக்கிச் சுவரோரம் சாய்த்துவிட்டு, எனக்குச் சோறு போட்டாள்.

சாயங்காலம் பெரியண்ணன் வந்தார். மழமழவென்று இருந்த என் முகத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அக்கா காரணம் சொன்னாள். "பந்தயத்துலீங்களா? போய்ச் சேர்ந்தும் உங்க மச்சான் உங்கள ஜெயிச்சுப்போட்டாரு பாருங்க மாப்ள." அதற்கும் தலையாட்டினேன். உங்களுக்காக நான் விழுங்கினதிலேயே கசப்பானது அதுதான். இப்போது ஊர் முழுக்க அதே பேச்சு. சந்தையில் காளைகள்கூட எனக்கு வழிவிடுவதில்லை.

மச்சான், ஒரு வாக்குக் கொடுக்கிறேன். நான் அங்கே வந்து சேருகிறபோது, மறுபடி வளர்த்த முழு மீசையோடு வருவேன். வந்ததும் உங்களைக் கட்டிக்கொள்ள மாட்டேன், குசலம் கேட்க மாட்டேன். முதலில் உங்கள் மூக்குக்குக் கீழேதான் பார்ப்பேன். அங்கே ஒரு முடி இருந்தாலும் கத்தியை நானே எடுப்பேன். மரியாதையாகத் தயாராக இருங்கள்.

இதைப் படிக்கிறவர்கள், வழக்கம்போல ராசு அளக்கிறான் என்று மடித்து வைத்துவிடுவார்கள். வைக்கட்டும். அளந்தேன்தான். கடல் தண்ணீர் தெறிக்கவில்லை, ஆப்பிள் காய்க்கவில்லை, கார் கேரளாவுக்குப் பறக்கவில்லை. என் காளைகளைக்கூட நம்பவேண்டாம். கடைசி ரேஸில் நான் ஜெயித்தேன் மச்சான். அது மட்டும் நெசமுங்க.

இப்படிக்கு,
உங்கள் சரசுவின் கூடப்பொறந்தவன், திவ்யாவின் தாய்மாமன்,
உங்களுக்குப் பங்காளி ஆகாத மாப்ள
ராசு